பள்ளிப் பிள்ளைகளின் நலனை அளக்கும் கணக்கெடுப்புகள்: திண்டுக்கல் பிள்ளைகள் அதில் எங்கே?

இந்தியப் பள்ளி மாணவர்களில் 81 சதவீதம் பேருக்கு மனப்பதற்றம் தருவது படிப்பும் தேர்வும் தேர்வு முடிவும்தான் என்று 2022 செப்டம்பரில் நாளிதழ்களில் செய்தி வந்தது. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் அந்த ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் 3,79,842 மாணவர்களிடம் கேட்டுத் தொகுத்த கணக்கு அது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அங்கே 15 வயதுப் பெண்பிள்ளைகளில் 63 சதவீதம் பேர் பள்ளிப் பாடம் தங்களை அழுத்துவதாகச் சொல்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பு, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பு 2015ல் நடத்திய பீசா ஆய்வில், நன்றாகப் படித்துத் தயாராக இருந்தாலும் தேர்வென்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் சராசரியாக 55 சதவீதம்.

81, 63, 55. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கிற ஒரு தகப்பன் என்ன முடிவுக்கு வருவார்? உலகத்திலேயே நம் பிள்ளைகள்தான் அதிகம் பயப்படுகிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கவலை குறைவு என்றுதான். மேடைகளிலும் இப்படித்தான் பேசப்படுகிறது. ஆனால் இந்த வரிசையே தவறு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இல்லாத வீடு இன்று நம்மிடையே குறைவு. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவையும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவருக்குக் கூடுதல், அவருக்குக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்த மூன்று எண்களிலும் நடந்திருப்பது அதுதான். என்.சி.இ.ஆர்.டி. கேட்டது பதற்றத்தின் காரணத்தை. படிப்பு என்று 50 சதவீதம் பேரும், தேர்வும் முடிவும் என்று 31 சதவீதம் பேரும் சொன்னார்கள். இரண்டையும் கூட்டியதுதான் 81. ஆகவே 81 சதவீதம் பிள்ளைகள் எந்நேரமும் பதறிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஐரோப்பியக் கணக்கெடுப்பு கேட்டது, 'பள்ளி வேலைகள் உன்னை எவ்வளவு அழுத்துகின்றன' என்று. 'ஓரளவு', 'மிகவும்' என்று குறித்தவர்கள்தான் அந்த 63 சதவீதம். பீசா ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஒத்துக்கொள்கிறாயா இல்லையா என்று கேட்டது. கேள்வியும் வேறு, வயதும் வேறு, பதில் எழுதிய ஆண்டும் வேறு.

அப்படியென்றால் நாடுகளை ஒப்பிடவே முடியாதா? முடியும். அதற்காகவே நாற்பது ஆண்டுகளாகச் சிலர் மெனக்கெடுகிறார்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த முறை இப்படி ஓர் எண் செய்தியில் வரும்போது எதை நம்புவது, எதை விடுவது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரே கேள்வி, ஒரே வயது

1982ல் இங்கிலாந்து, பின்லாந்து, நார்வே ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலப் பழக்கங்களை ஒரே வினாத்தாளால் கேட்டுப் பார்ப்போம் என்று தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் கூட்டு ஆய்வாக ஏற்றுக்கொண்டது. எச்.பி.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 11, 13, 15 ஆகிய மூன்று வயதுப் பிள்ளைகளிடம் மட்டுமே கேட்பார்கள். கடைசியாக 2021-22ல் 44 நாடுகளில் சுமார் 2,80,000 பிள்ளைகள் பதில் எழுதினார்கள். ஐரோப்பாவோடு மத்திய ஆசியாவும் கனடாவும் அதில் உண்டு. இந்தியா இல்லை.

நம்மைப் போன்ற நாடுகளுக்கென்று உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து இன்னொன்றை உருவாக்கின. ஜி.எஸ்.எச்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். உலகளாவிய பள்ளி மாணவர் உடல்நலக் கணக்கெடுப்பு என்று சொல்லலாம். ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், ஜோர்டான், மலேசியா, இந்தோனேசியா, மாலத்தீவு என்று நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் வேலைக்குப் போயிருக்கும் நாடுகள் பலவும் இதை நடத்தியிருக்கின்றன. இலங்கை 2008லும் 2016லும் நாடு முழுவதற்குமாக நடத்தியது.

நடத்தும் முறை எளியது. நாட்டிலுள்ள பள்ளிகளின் பட்டியலிலிருந்து குலுக்கல் போலச் சில பள்ளிகளை எடுப்பார்கள். அந்தப் பள்ளிகளில் சில வகுப்புகளை அதேபோல எடுப்பார்கள். அந்த வகுப்பில் அன்று வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு பீரியடுக்குள் பதில் குறிக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. வினாத்தாளை ஒருவர் உள்ளூர் மொழிக்கு மாற்றுவார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாற்றுவார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்கள். இத்தனையும் செய்த பிறகுதான் ஒரு நாட்டையும் இன்னொரு நாட்டையும் ஒரே அட்டவணையில் வைக்கிறார்கள்.

'இந்தியா' என்ற வரியில் உட்கார்ந்திருப்பது யார்?

ஜி.எஸ்.எச்.எஸ். அட்டவணைகளில் இந்தியா என்றும் ஒரு வரி உண்டு. 2007ல் எடுத்தது. ஆனால் அந்த ஆண்டு பதில் எழுதியவர்கள் சி.பி.எஸ்.இ. பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே. அன்றைய திண்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். மாநகராட்சி ஆவதற்கு முன்பு, பேகம்பூரிலும் நாகல்நகரிலும் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படித்தார்கள்? அரசுப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக்குலேஷன் பள்ளி, இவைதானே நம் பிள்ளைகளின் பள்ளிகள். வேடசந்தூரிலும் நத்தத்திலும் சொல்லவே வேண்டாம். உலக அட்டவணையில் இந்தியா என்ற பெயருக்கு நேரே இருந்தவர்கள் நம் பிள்ளைகள் அல்லர்.

அதற்கு நேர்மாறாக, தமிழ்நாடு உலகப் பட்டியலில் இடம்பெற்ற ஒரு சந்தர்ப்பமும் உண்டு. பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவின் சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பிலும் கணக்கிலும் அறிவியலிலும், 74 இடங்கள் கொண்ட பட்டியலில் இரண்டு மாநிலங்களும் கடைசிப் படிகளில் நின்றன. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லி, அடுத்தடுத்த சுற்றுகளிலிருந்து இந்தியா விலகிக்கொண்டது.

அந்தக் காரணத்தில் பாதி உண்மை உண்டு. கிராமத்துப் பிள்ளை பார்த்தே இராத பொருள்களை வைத்துக் கேள்வி கேட்டால் அவன் தடுமாறத்தான் செய்வான். ஆனால் மதிப்பெண் குறைந்த பிள்ளை ரேங்க் கார்டை அத்தாவிடம் காட்டாமல் ஒளிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விலகியதால் இழந்தது மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் மட்டும் இல்லை. 2015 முதல் அதே பீசாவில்தான் பிள்ளைகளிடம் பள்ளி உனக்குப் பிடிக்கிறதா, அங்கே உன்னை யாராவது அடிக்கிறார்களா, ஒதுக்குகிறார்களா, வாழ்க்கை உனக்கு நிறைவாக இருக்கிறதா என்றெல்லாம் விரிவாகக் கேட்டார்கள். நாம் அந்த அறையில் இல்லை.

இன்னொரு கூட்டத்தையும் கவனிக்க வேண்டும். எந்தப் பள்ளிக் கணக்கெடுப்பும் அன்று வகுப்பில் இருப்பவர்களைத்தான் எண்ணும். திண்டுக்கல்லைச் சுற்றி, குறிப்பாக வேடசந்தூர்ப் பக்கம், நூற்பாலைகள் நிறைய. மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி வளரிளம் பெண்களை அழைத்துப்போன 'சுமங்கலித் திட்டம்' பற்றி ஒரு காலத்தில் நிறையவே எழுதப்பட்டது. படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போன 15 வயதுப் பெண்ணும், பிரியாணிக் கடையில் அண்டா கழுவும் 14 வயதுப் பையனும் வினாத்தாள் கொடுக்கும் நாளில் வகுப்பில் இருக்க மாட்டார்கள். மிகவும் களைத்துப் போனவர்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டால், மிச்சம் இருப்பவர்களின் சராசரி நன்றாகத்தான் தெரியும். ஒரு மாநிலத்தில் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் தக்கவைத்துக்கொண்டால், அங்கே பள்ளிக் கணக்கெடுப்பின் எண்கள் கொஞ்சம் மோசமாகத் தெரியவும் வாய்ப்புண்டு. முன்பு வெளியே இருந்த பிள்ளையும் இப்போது உள்ளே உட்கார்ந்து பதில் எழுதுகிறது அல்லவா?

எண்ணப்படாதவர்களுக்காக யாரும் திட்டம் போடுவதில்லை என்பதை நம் சமுதாயம் பட்டறிந்திருக்கிறது. 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006ல் சச்சார் குழு அறிக்கை சொன்ன பிறகுதான், அதுவரை பொத்தாம்பொதுவாகப் பேசப்பட்ட விஷயம் நாடாளுமன்றத்தில் விவாதப் பொருளானது. தமிழக முஸ்லிம்களின் கல்வி நிலை வட மாநிலங்களைவிட மேல் என்பதும் அதே கணக்குகளைப் பிரித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

'பாய்' என்று கூப்பிட்டால் அது கேலியா?

கேள்வியை மொழிபெயர்ப்பதில் உள்ள சிக்கலுக்கு வருவோம். மேலைநாட்டு வினாத்தாள்களில் முக்கியமான ஒரு கேள்வி, சக மாணவர்கள் உன்னைத் தொடர்ந்து துன்புறுத்துகிறார்களா என்பது. 2018 பீசா கணக்கில் ஓ.இ.சி.டி. நாடுகளில் சராசரியாக 23 சதவீதம் பிள்ளைகள் மாதத்தில் சில தடவையாவது அப்படி நடப்பதாகச் சொன்னார்கள். இதைத் தமிழில் எந்தச் சொல்லால் கேட்பது? கிண்டல் என்றால் மிகவும் லேசு. எல்லோரும் ஆம் என்பார்கள். கொடுமை என்றால் மிகவும் கனம். பெரும்பாலோர் இல்லை என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் பகடிவதை என்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு அது புரியாது. ஒரே கேள்வி, மூன்று சொற்கள், மூன்று வேறு சதவீதங்கள்.

இதனால்தான் நல்ல வினாத்தாள்கள் அந்தச் சொல்லை மட்டும் நம்பியிருப்பதில்லை. அடித்தார்களா, தள்ளினார்களா, விளையாட்டில் சேர்க்காமல் விட்டார்களா, உன் உருவத்தைச் சொல்லிச் சிரித்தார்களா என்று நடந்த செயலைக் கேட்கும். ஜி.எஸ்.எச்.எஸ். வினாத்தாளில், எந்த விதமாக உன்னைத் துன்புறுத்தினார்கள் என்ற கேள்விக்குக் கொடுக்கப்பட்டிருந்த பதில்களில் ஒன்று, 'என் மதத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள்' என்பது. எந்த நாட்டில் யார் சிறுபான்மையோ அந்தப் பிள்ளைகள் குறிப்பதற்கு ஓர் இடம். நம் பள்ளிகளில் இந்தக் கேள்வி முறையாகக் கேட்கப்படவில்லை.

கேட்டால் என்ன பதில் வரும் என்று ஊகித்து எழுத எனக்கு விருப்பமில்லை. திண்டுக்கல்லில் 'பாய்' என்ற சொல் பெரும்பாலும் உரிமையோடும் பாசத்தோடும் சொல்லப்படுகிற சொல். கடைக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் எல்லாச் சமூகத்தவரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அதே சொல்லை ஒரு வகுப்பில் முப்பது பேர் சேர்ந்து ஒரு பையனைப் பார்த்து ஒரு ராகத்தில் சொன்னால் அது வேறு. செய்தியில் எங்கோ குண்டு வெடித்த மறுநாள் சொன்னால் அது இன்னும் வேறு. பாசமா கேலியா என்பது அந்தப் பையனுக்கு மட்டுமே தெரியும். அவனிடம் கேட்காமல், நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வதும், எங்கும் அதுதான் நடக்கிறது என்று இன்னும் சில பெரியவர்கள் சொல்வதும் ஒரே வகைப் பிழை.

ஏணியும் அல்ஹம்துலில்லாஹ்வும்

வாழ்க்கை நிறைவை அளக்க எச்.பி.எஸ்.சி. ஓர் ஏணியைக் காட்டுகிறது. உச்சிப்படி 10, உனக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடிப்படி 0, மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீ எந்தப் படியில் நிற்கிறாய்? பீசாவும் 0 முதல் 10 வரையிலான அளவைத்தான் பயன்படுத்துகிறது. 2015ல் ஓ.இ.சி.டி. சராசரி 7.3. டொமினிக்கன் குடியரசின் பிள்ளைகள் 8.5 என்றார்கள். கொரியப் பிள்ளைகள் 6.4. துருக்கி கடைசியாக 6.1.

அதே டொமினிக்கன் குடியரசுதான் அந்த ஆண்டு கணக்குப் பாடத்தில் எல்லோருக்கும் கடைசி. உடனே, பார்த்தீர்களா, படிக்காவிட்டால்தான் நிம்மதி என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பின்லாந்துப் பிள்ளைகள் 7.9 என்றார்கள். அவர்கள் படிப்பிலும் மேல் வரிசையில் இருந்தார்கள்.

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. லத்தீன் அமெரிக்க நாடுகளில் பொதுவாகவே மனிதர்கள் மேல் படியைக் காட்டுகிறார்கள். கொரியா, ஜப்பான் போன்ற நாடுகளில் தன்னைத் தாழ்த்திச் சொல்வது பண்பு. ஆகவே நடுப்படியைக் காட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லத்தான் நாம் பழக்கியிருக்கிறோம். அது நன்றியறிதலின் சொல். பழக்கியது சரியே. ஆனால் நன்றி சொல்வது ஒன்று, நடப்பதைச் சொல்வது இன்னொன்று என்பதைப் பிள்ளைக்குப் பிரித்துக் காட்டாவிட்டால், ஏணியில் 9ஐக் காட்டிவிட்டு இரவில் தூங்காமல் கிடக்கும். டாக்டரிடம் வயிறு வலிக்கிறது என்று சொல்வது நன்றிகேடு ஆகுமா? அப்படித்தான் இதுவும்.

என்.சி.இ.ஆர்.டி. கணக்கிலேயே இந்த முரண் தெரிகிறது. பள்ளி வாழ்க்கை திருப்தியாக இருக்கிறது என்று 73 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் களைப்பு, அழுகை, தனிமை என்று தனித்தனியாகக் கேட்டபோது, வாரத்தில் இரண்டு மூன்று முறை சோர்வாக உணர்வதாக 45 சதவீதமும், அழுகை வருவதாக 34 சதவீதமும், தனிமையாக இருப்பதாக 27 சதவீதமும் சொன்னார்கள். சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் கேட்கத் தயங்குபவர்கள் 28 சதவீதம். பொதுவாகக் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்று பதில் வருகிறது. குறிப்பாகக் கேட்டால் வேறு பதில் வருகிறது. அந்தக் கணக்கெடுப்பில் பெயர் எழுதுவது கட்டாயமாக இருக்கவில்லை. பெயரைக் கேட்டிருந்தால் இந்த அளவு கூட வந்திருக்காது.

நடுநிலைப் பள்ளியிலிருந்து உயர்நிலைக்குப் போகப் போகத் திருப்தி குறைகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஐரோப்பியக் கணக்கும் இதையேதான் பல சுற்றுகளாகச் சொல்லி வருகிறது. 11 வயதில் பள்ளியைப் பிடிக்கிறது என்றவர்கள் 15 வயதில் குறைந்துவிடுகிறார்கள். கேள்விகள் வேறாக இருந்தும் இரண்டு இடத்திலும் போக்கு ஒன்றாக இருந்தால் அதை நம்பலாம்.

ரமலானில் வினாத்தாள் வந்தால்

கடந்த ஏழு நாள்களில் எத்தனை நாள் காலை உணவு சாப்பிட்டாய், எத்தனை நாள் ஓடியாடி விளையாடினாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்றெல்லாம் இந்த வினாத்தாள்கள் கேட்கும். ரமலானில் இந்தக் கேள்விகள் வந்தால்? ஸஹருக்கு எழுந்து, நோன்போடு பள்ளிக்குப் போய், தராவீஹ் முடித்துப் படுக்கும் ஒரு பிள்ளையின் பதில்கள், காலை உணவு இல்லாத, தூக்கம் குறைந்த, விளையாடாத பிள்ளை என்று அவனைக் காட்டிவிடும். பிறை ஆண்டு ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. ஒரு நாட்டில் இந்தச் சுற்று ரமலானிலும் அடுத்த சுற்று ஷவ்வாலுக்குப் பிறகும் விழுந்தால், பிள்ளைகளின் உணவுப் பழக்கம் திடீரென்று திருந்திவிட்டது போலத் தெரியும். முஸ்லிம் நாடுகளின் எண்களைப் படிக்கும்போது மாதத்தைப் பார்க்காமல் படிக்கக் கூடாது.

ஜி.எஸ்.எச்.எஸ். வினாத்தாளை எழுதியவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருந்திருக்கிறார்கள். 'பசியோடு இருந்தாயா' என்று மொட்டையாகக் கேட்காமல், 'வீட்டில் போதிய உணவு இல்லாததால் பசியோடு இருந்தாயா' என்று கேட்கிறார்கள். நோன்புப் பசியும் வறுமைப் பசியும் ஒன்றாகிவிடாமல் தடுப்பது அந்த ஒரு சொற்றொடர்தான்.

2022ல் இந்தியாவில் முதல் நோன்பு ஏப்ரல் 3ஆம் தேதி. என்.சி.இ.ஆர்.டி. மார்ச்சோடு முடித்துவிட்டதால் அந்தக் குழப்பம் அதில் இல்லை. ஆனால் 2025ல் மார்ச் 2 முதல் நோன்பு, மார்ச் 3 பிளஸ் டூ பொதுத்தேர்வு. அந்த மாதம் நம் பிள்ளைகளிடம் களைப்பாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் பதிலுக்குக் காரணம் தேர்வா, தூக்கமா, நோன்பா என்று பிரிப்பது கடினம்.

காலை உணவு என்றதும் ஒன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்று வைத்தார்கள். ஃபஜ்ர் முடித்து மக்தபுக்குப் போய், ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, எட்டேகாலுக்குப் பஸ் பிடிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்ன சாப்பிட்டுப் போகிறது என்பதற்கு எந்தப் பட்டியலும் தேவையில்லை, வீட்டு அடுப்பங்கரைக்கே தெரியும்.

புகையிலை ஊரில் ஒரு நல்ல கணக்கு

நாட்டை நாட்டோடு ஒப்பிடுவதைவிட, ஒரு நாட்டை அதன் பழைய எண்ணோடு ஒப்பிடுவதில்தான் இந்தக் கணக்கெடுப்புகளின் உண்மையான பயன் இருக்கிறது என்பது என் கருத்து. மொழி மாறுவதில்லை, பழக்கவழக்கம் பெரிதாக மாறுவதில்லை, கேள்வியும் அதேதான். 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் புகையிலைப் பழக்கம் பற்றிக் கேட்கும் உலகளாவிய கணக்கெடுப்பை இந்தியா பல சுற்றுகள் நடத்தியிருக்கிறது. ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவோர் 2009ல் 14.6 சதவீதம். 2019ல் 987 பள்ளிகளில் எடுத்தபோது 8.5 சதவீதம். இதை நம்பலாம், மகிழவும் செய்யலாம்.

சுருட்டுக்கும் வாய்ப்புகையிலைக்கும் பேர்போன ஊர் நம்முடையது. வேடசந்தூரில் 1948 முதல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அதனால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பீடி, சிகரெட், குட்கா என்று கேட்டால் இல்லை என்று நேர்மையாகப் பதில் சொல்லும் பையன், உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் சின்னப் பொட்டலத்தைப் புகையிலை என்றே நினைக்காமல் இருக்கலாம். கூல் லிப் மாணவர்களிடையே புழங்குவது குறித்து 2024ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. புதிதாக வரும் சரக்கின் பெயர் பழைய வினாத்தாளில் இருக்காது. வீட்டில் பேசும்போது பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வீட்டுக்கு ஒரு தாள் வந்தால்

பள்ளியிலிருந்து என்றாவது இப்படி ஒரு கணக்கெடுப்புக்கு ஒப்புதல் கேட்டுத் தாள் வரலாம். நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். ஒன்று, எதற்கு வம்பு என்று கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவது. இன்னொன்று, கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டு வா என்று சொல்லி அனுப்புவது. இரண்டாவது முதலாவதைவிடக் கேடு. முதலாவதில் நம் பிள்ளை கணக்கில் இல்லாமல் போகிறது. இரண்டாவதில் நம் பிள்ளையே மற்றப் பிள்ளைகளின் கணக்கைக் கெடுக்கிறது. கேட்கப்பட்ட சாட்சியத்தை உள்ளபடி சொல்வது அமானிதம் என்று மக்தபில் சொல்லிக்கொடுக்கிறோம். அது வினாத்தாளுக்கும் பொருந்தும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை உண்டு, அது நம் உரிமை. யார் நடத்துகிறார்கள்? பெயர் எழுத வேண்டுமா? எழுதும்போது ஆசிரியர் பக்கத்தில் நிற்பாரா? பதில் தாளை யார் பார்ப்பார்கள்? பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாமா? வீட்டில் உருது பேசும் பிள்ளை என்றால், கேள்வி புரியாவிட்டால் யாரிடம் கேட்பது? இவற்றுக்குத் தெளிவான பதில் வந்தால் தயங்க வேண்டியதில்லை. ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் கேட்கிறார்கள் என்றால் அது இந்த வகைக் கணக்கெடுப்பே இல்லை.

கணக்கெடுப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2021-22 எச்.பி.எஸ்.சி. முடிவுகளில் என்னை அதிகம் நிறுத்தியது தேர்வு அழுத்தத்தின் எண் அல்ல. குடும்பத்தின் ஆதரவு தங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிள்ளைகள் 2018ல் 73 சதவீதம், நான்கே ஆண்டுகளில் 67 சதவீதம். பெண்பிள்ளைகளிடையே சரிவு இன்னும் அதிகம், 72லிருந்து 64. வசதியும் பள்ளியும் சட்டமும் எல்லாம் இருக்கிற நாடுகளில் வீட்டின் இடம் சுருங்கியிருக்கிறது. குடும்ப அமைப்பு நம்மிடம் வலுவானது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இருக்கலாம். ஆனால் அத்தா துபாயில், அம்மா சமையலறையில், பிள்ளை ஃபோனில் என்று இருக்கும் வீட்டில் இந்த எண் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை.

வினாத்தாள்களிடமிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது கேட்கும் முறைதான். 'ஸ்கூல் எப்படி இருந்துச்சு' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'இன்னைக்கு மத்தியானம் யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே', 'இந்த வாரம் எந்த நாள் ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கலை', 'பாத்ரூம் போகப் பயந்து தண்ணி குடிக்காம இருக்கியா' என்று ஒரு நாளையும் ஒரு செயலையும் குறித்துக் கேட்டால் பதில் வருகிறது. கடைசிக் கேள்வி பெண்பிள்ளைகளுக்கு. கழிப்பறை சரியில்லாத பள்ளியில் அதற்கு வரும் பதில் எந்த ஏணியையும்விடத் தெளிவாக இருக்கும். அந்தப் பதிலைக் கொண்டுபோக வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். நம்மில் எத்தனை பேர் அதன் கூட்டத்துக்குப் போயிருக்கிறோம்?

பிள்ளை வீட்டில் சொல்ல மறுத்தால் வெளியே சொல்ல வழி இருக்கிறது என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான அவசர உதவிக்கு 1098. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துவிடுங்கள்.